தீக்குச்சி அளவு

போன வாரம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வீட்டுப் பையன். காலேஜ் ஹாஸ்டலுக்குப் பெட்டியோடு கிளம்பியிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணா, சீனியருங்க ராகிங் பண்ணுவாங்களாமே?"

"என்னைத் தீக்குச்சியால வராண்டாவை அளக்கச் சொன்னாங்கப்பா. மறு வருஷம் நானும் ஒருத்தனை அளக்க வெச்சேன்!" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு பாதியில் நின்றது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசுவைக் கொன்றது ஒரு சீனியர்தானே! ஹைகோர்ட் விடுவித்தும், 2011-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்தக் கொலையின் அதிர்ச்சியில்தான் 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ராகிங் செய்தால் 2 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். காலேஜும் போச்சு.

1800-180-5522 என்று எழ்தி அவன் சட்டைப்பையில் வைத்தேன். "யுஜிசி ஹெல்ப்லைன். நடுராத்திரியிலும் கூப்பிடலாம். அடுத்த வருஷம் நீயும் தீக்குச்சியைத் தொடாதே."

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "அண்ணா, நீங்க அளக்க வெச்சீங்களே, அவர் இப்ப எங்கே?"

நல்லவேளை, பஸ் போய்விட்டது. எனக்கு அவன் பேர்கூட ஞாபகமில்லை.