கோப்பை தூக்கிய கேப்டன் கோச்சானால் ஜெயிப்பாரா? சேரலாதன் கதை சொல்லும் பாடம்

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் கோயில் திருவிழா என்றால் கபடிப் போட்டியும் இருக்கும். அங்கே ஆடும் பசங்களுக்கு ஒரு கேள்வி உண்டு: "ஆடி முடிச்ச பிறகு என்ன?" பலரும் சொல்லும் பதில், கோச் ஆகலாம் என்பதுதான். அது அவ்வளவு சுலபமா?

யார் இந்த சேரலாதன்?

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். டிஃபெண்டர். சக வீரர்களுக்கு 'அண்ணா'. 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக புரோ கபடி கோப்பையை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், 41 வயதில், உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 46 வயது வரை புரோ கபடியில் ஆடினார்.

கோச் ஆனதும் என்ன நடந்தது?

2024 சீசனில் தமிழ் தலைவாஸ் அணி உதயகுமாரையும் சேரலாதனையும் பயிற்சியாளர்களாக நியமித்தது. ஆனால் பிளே ஆஃப் வாய்ப்பு கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் பொறுப்பு சஞ்சீவ் பலியானிடம் போனது.

அப்போ, நல்ல பிளேயர் நல்ல கோச் ஆக முடியாதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மன்பிரீத் சிங்கைப் பாருங்கள். இவரும் 2016 மார்ச்சில் பாட்னாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன்தான். கோச்சாக குஜராத்தை இரண்டு முறை ஃபைனலுக்குக் கொண்டு போனார், இரண்டிலும் தோல்வி. ஹரியானாவுடன் மீண்டும் ஒரு ஃபைனல், மீண்டும் தோல்வி. 2024 டிசம்பரில்தான் ஹரியானா ஸ்டீலர்ஸ் சாம்பியன் ஆனது.

மூன்று ஃபைனல் தோற்றவருக்கும் வாய்ப்பு தொடர்ந்து கிடைத்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கோச் வேலையில் என்ன கஷ்டம்?

களத்தில் டிஃபெண்டர் தன் கண்ணையும் கையையும் நம்புவார். கோச்சால் ரெய்டரின் காலைப் பிடிக்க முடியாது. இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதற்கு யாரை அனுப்புவது? மூன்று பேரே மிச்சம் இருக்கும்போது சூப்பர் டேக்கிளுக்குப் போகலாமா, காத்திருக்கலாமா? அரை நிமிஷ டைம் அவுட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒரே சீசனில் வந்துவிடாது.

நம்ம ஊர் பசங்களுக்கு இதில் என்ன இருக்கு?

கோச் ஆக ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் டிப்ளமோ போன்ற சான்றிதழ் இருந்தால் வேலை வாய்ப்பு கூடும். ஆடும் காலத்திலேயே படிப்பை விடாமல் இருப்பது இதற்காகத்தான்.

அணிகளுக்கும் ஒரு பாடம் உண்டு. 2017-ல் களமிறங்கிய தலைவாஸ் இன்னும் கோப்பையைத் தொடவில்லை. 2022-ல் அரையிறுதி வரை போனதே பெரிய சாதனை. கோச்சை மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் அணியைக் கட்ட நேரம் கிடைக்கும்?