வாடகை வண்டி உரிமம்: ஐந்தாண்டே பொருத்தம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொள்முதல் செய்யும் மருங்காபுரி, துவரங்குறிச்சி வட்டாரக் கடைக்காரர்களில் பலர் நம்பியிருப்பது வாடகை வண்டிகளைத்தான். எனவே, அந்த வண்டிக்காரரின் உரிமம் எத்தனை ஆண்டுக்கு என்பது நம் கல்லாப்பெட்டியையும் தொடும் விஷயம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாடகைக் காருக்கும் சரக்கு லாரிக்கும் பெர்மிட் காலம் ஐந்தாண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மட்டும் பெர்மிட் தேவையில்லை. செல்போன் வழியாகக் கார் அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்கும், மத்திய அரசு 2020-இல் வகுத்த நெறிமுறைகளில் ஐந்தாண்டே குறிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வாடகைக் கார் நிறுவன உரிமத்துக்கு 2015 முதல் ஐந்தாண்டே பொது விதி.

"ஆண்டுதோறும் புதுப்பிக்க வைத்தால்தான் பயம் இருக்கும்" என்பார் சிலர். வண்டியின் தரத்தைப் பார்க்க எஃப்.சி. இருக்கிறது. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். இன்சூரன்சும் உண்டு. நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை இடையிலேயே ரத்து செய்யவும் சட்டத்தில் வழி உள்ளது. பிறகு உரிமக் காலத்தைக் குறைப்பானேன்?

வண்டிக் கடனின் தவணை நான்கைந்து ஆண்டு ஓடுகிறது. தவணை முடியுமுன் உரிமம் முடிந்தால் எந்தத் துணிவில் ஒருவர் வண்டி வாங்குவார்? அலைச்சலுக்கும் செலவுக்கும் அஞ்சி ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவோர்தான் பெருகுவர். அதில் போய் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவது பெரும்பாடு. நாலு காசு மிச்சம் என்று அதில் ஏறும் வணிகர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்காக ஆயுட்கால உரிமம் கேட்பதும் சரியல்ல. வண்டி காயலான் கடைக்குப் போன பிறகும் காகிதம் மட்டும் உயிரோடு கைமாறும்.

காலாவதிக்குப் பதினைந்து நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு அந்தத் தேதி நினைவில் நிற்பதில்லை. போக்குவரத்துத் துறை இரண்டு மாதம் முன்பே தமிழில் தகவல் அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தின் மீது உரிய காலத்தில் முடிவு சொல்ல வேண்டும். காலத்தைக் குறைப்பதைவிட இதுவே தேவை. இதை வலியுறுத்த வணிகர்களும் வண்டி உரிமையாளர்களும் கைகோக்க வேண்டும். வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும்.