வானளாவும் நகரங்கள்

உயர்ந்த கட்டடமெனின் நியூயோர்க்கை முதலில் நினைத்தல் நம்மனோர் வழக்கம். ஆயினும் வழிகாட்டியது சிக்காகோ நகரமே. 1885ஆம் ஆண்டில் அங்கே எழுந்த பத்துமாடிக் கட்டடத்தின் பாரத்தில் பெரும்பகுதியை இரும்பும் உருக்கும் கொண்ட சட்டகம் தாங்கிற்று. சுவர் தடித்தாலன்றி மாடி உயராது என்ற நிலை அன்றே தளர்ந்தது.

நியூயோர்க் அதனை விஞ்சியது. 102 மாடிகளையுடைய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மேயில் திறந்துவிட்டனர். விரைவு வியப்புக்குரியதே, ஆனால் வாணிப மந்தக் காலமாதலின் வாடகைக்கு வருவார் அரிதாயினர். ‘வெற்று மாளிகை’ என ஊரார் நகைத்தனராம்!

கனடாவின் ரொறன்ரோ நகரத்து எழுச்சியோ வேறு வகையினது. அங்கே அண்மைக் காலத்தில் உயர்ந்தவை பெரும்பாலும் அலுவலகங்களல்ல, வீடுகள். 1960களில் எழுந்த சென். ஜேம்ஸ் ரவுண் மாடிகளிலே, 1980களில் ஈழத்திலிருந்து சென்ற நம்மவர் பலர் குடிபுகுந்தனர். நெருக்கமாயினும் குடும்பம் நடத்த இடமிருந்தது. இன்றைய கோபுரங்களிலோ முதலீட்டாளரை முன்னிட்டு அமைத்த ஓரறை வீடுகளே மிகுதி. பெற்றோரும் பிள்ளைகளும் பாட்டியும் அவற்றில் எங்ஙனம் வாழ்வது? 2024இல் புதுமாடி வீடுகளின் விற்பனை பெரிதும் வீழ்ந்தபோது, கொள்வாரின்றி நின்றவற்றுள் இத்தகைய சிறுவீடுகள் பல.