"வீட்டில ஐயா நிக்கிறாரோ?"

2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு நோட்டீஸ் கொண்டுவந்த தம்பிமார் ஐந்து பேர். படலையைத் திறந்து முற்றத்துக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டார்கள்: "அம்மா, வீட்டில ஐயா நிக்கிறாரோ?"

இல்லை என்றேன். "மகன்மார்?" பிள்ளை ஒன்றுதான், அதுவும் பொம்பிளைப் பிள்ளை என்றேன். "அப்ப ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நோட்டீஸைத் திண்ணையில் வைத்து, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தார்கள். கடற்காற்று பறக்கடித்துவிடும் என்ற கவனம் அந்தக் கடுதாசிக்கு மட்டும் இருந்தது. "ஐயா வந்தாச் சொல்லுங்கோ, நாங்கள் வந்து போனம் எண்டு." படலை சாத்தப்படவில்லை.

திண்ணையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த மாமிக்கு எண்பத்திரண்டு வயது. வாசற்படியில் நின்ற மகளுக்கு இருபத்தொன்று. நடுவில் நான். மூன்று வாக்கு, அவர்கள் கண்முன்னாலேயே. மூன்று வாக்கின் முன்னால் நின்றுகொண்டு, வாக்குக்காரர் எங்கே என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஐயா வரமாட்டார் தம்பிமாரே. 2007ஆம் ஆண்டு ஒரு விடியற்காலை மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போனவர். சைக்கிள் மட்டும் கிடைத்தது. அன்றைக்குத் தொடங்கிய பெட்டிசம் எழுத்து இன்னும் முடியவில்லை. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் ஒழுங்கையிலுள்ள பெண்களெல்லாம் என்னிடம்தான் எழுதுவிப்பார்கள். காணிக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, காணாமல் போனவனுக்கு, கடற்படை முகாமுக்குள் போய்விட்ட கிணற்றுக்கு. எத்தனை ஆணைக்குழு வந்தது, எத்தனை போனது! "மாண்புமிகு ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கித் தொடங்கி என் பேனைக்கே கூன் விழுந்துவிட்டது. ஒருதடவைகூட "அம்மா அவர்களுக்கு" என்று தொடங்க வாய்க்கவில்லை.

பெட்டிசம் எழுதுகிறவளுக்குப் பெட்டிசத்தின் பூர்வீகம் தெரிந்திருக்க வேண்டாமா? இந்த நாட்டுப் பெண்கள் வாக்குக் கேட்ட கதையைத் தேடித் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

1927ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்று தொடங்கியது. டொனமூர் பிரபுவின் ஆணைக்குழு லண்டனிலிருந்து வந்து இறங்கியிருந்த நேரம். புது அரசியலமைப்பில் யார் யாருக்கு என்ன கொடுக்கலாம் என்று சாட்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் வாக்கு என்பது படிப்பும் காசும் உள்ள ஆண்களின் சொத்து. சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான் அது இருந்தது. இரண்டு வருடம் முந்தி, 1925இல், இலங்கைத் தேசிய காங்கிரஸ் கூட்டத்தில் அசலின் தோமஸ் என்ற பெண் எழும்பி, பெண்களுக்கு அளவான வாக்குரிமையாவது வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிந்தவர் அக்னஸ் டி சில்வா. அதற்குப் பிறகு தீர்மானத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துதான் சங்கம் கட்டினார்கள் போலும். தலைவி டெய்சி டயஸ் பண்டாரநாயக்க, செயலாளர் அக்னஸ். எங்கள் பக்கத்திலிருந்து நேசம் சரவணமுத்து. கனடாவிலிருந்து வந்து தமிழரைக் கட்டிய டொக்டர் மேரி இரத்தினமும் இருந்தார். எல்லாரும் காரில் வந்திறங்கக்கூடிய வீட்டுப் பெண்கள்தான், மறைக்கவில்லை. கருவாடு காயவைக்கிற ஒருத்தியையும் அவர்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை.

ஆனால் அந்த அக்னஸுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். சாட்சி சொல்லும்போது ஆணைக்குழுக்காரர் மடக்கினார்கள்: தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற இந்தியத் தமிழ்க் கூலிப் பெண்களுக்கும் கேட்கிறீர்களோ? பறங்கிக் குடும்பத்தில் பிறந்து சிங்களவரைக் கட்டி, கண்டியில் வாழ்ந்த பெண் அவர். நழுவியிருக்கலாம். "முதலில் எங்களுக்குத் தாருங்கள், அவர்களைப் பிறகு பார்ப்போம்" என்றிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்ணுக்கும் வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நேரம் எங்கள் பெரியவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சேர் பொன்னம்பலம் இராமநாதன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அவர் படத்துக்குப் பூமாலை கட்டின கை இது. 1913இலேயே பெண் பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டினவர் என்று மேடையேறி மனப்பாடம் ஒப்புவித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். கல்லூரி கட்டினவர்தான் பெண்ணுக்கு வாக்குக் கூடாது என்று வாதாடினவரும். பெண்ணுக்கும், தாழ்த்தப்பட்டவனுக்கும், ஏதுமற்றவனுக்கும் வாக்கைக் கொடுத்தால் நாடு கும்பலின் கைக்குப் போய்விடும் என்பது அவர் கட்சி. பரிசு தந்த ரீச்சர் அந்தப் பக்கத்தை எனக்குச் சொல்லித்தரவில்லை. அவவுக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெண்ணுக்குப் படிப்புக் கொடுப்போம். படித்தவள் வாய் திறக்கக் கூடாது. கோலம் போடக் கற்றுக்கொடுத்துவிட்டு வாசலைப் பூட்டுகிற கதை. எங்கள் ஊர் திருகோணமலையிலும் 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். அதே 1923இல் யாழ்ப்பாணத்தில் மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' என்று பத்திரிகையே நடத்தினார். அக்கரையில் 1917ஆம் ஆண்டே சரோஜினி நாயுடு பெண்களைக் கூட்டிக்கொண்டு சென்னையில் இந்தியாவுக்கான பிரித்தானிய மந்திரி மொன்டேகு துரையைக் கண்டு வாக்குக் கேட்டாயிற்று; 1921இல் சென்னை மாகாணம் சொத்துள்ள பெண்களுக்குக் கொடுத்தும் விட்டது. படிக்கவும் எழுதவும் பத்திரிகை நடத்தவும் தெரிந்த சாதி, பெட்டிக்குள் ஒரு துண்டு போடத் தெரியாத சாதியாகிவிட்டது, பெரியவர் கணக்கில்.

ஆணைக்குழு 1928இல் அறிக்கை எழுதியது. ஆணுக்கு இருபத்தொன்று, பெண்ணுக்கு முப்பது. முப்பதில்தான் எங்களுக்கு மூளை முளைக்கும் என்று கணக்கு! நல்லகாலம், கடைசியில் இருவருக்கும் இருபத்தொன்று என்றே வந்தது. 1931 ஜூன் மாதம், அந்த வாக்குரிமையோடு முதலாவது தேர்தல்.

அந்தத் தேர்தலில் என் பூட்டி வாக்குப் போட்டவ. அம்மம்மா சொல்லித் தெரியும். அப்போது வேட்பாளருக்குச் சின்னம் கிடையாது, நிறம்தான். ஆளுக்கொரு நிறப் பெட்டி. விருப்பமான பெட்டிக்குள் துண்டைப் போட வேண்டும். பூட்டிக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். கலியாணத்துக்குக் கட்டின கூறைச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு, மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவவாம். என்ன நிறத்துக்குப் போட்டவ என்று சின்ன வயதில் அம்மம்மாவைக் கேட்டேன். "உங்கட பூட்டன் சொன்ன நிறத்துக்கு" என்றா.

அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் பூட்டி போனாவே! யாழ்ப்பாணத்தில் அதுவும் இல்லை. முழுச் சுதந்திரம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பு நடத்தியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை நாலு தொகுதியும் வெறுமையாகக் கிடந்தன. கொள்கை பெரிய கொள்கைதான். அந்தப் பிள்ளைகளின் மனசு சுத்தம், நான் இல்லை என்னவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து முதல்முதலாகக் கையில் கிடைத்த வாக்கைத் தூக்கி எறியச் சொல்லும்போது, அடுப்படியில் நின்றவளை ஒருவன் கூப்பிட்டு "நீ என்ன சொல்லுறாய் அக்கா?" என்று கேட்டானா? அவர்களுக்குத் தேர்தல் வர 1934 ஆனது. ஆண்களுக்கு அது பகிஷ்கரிப்பு. பெண்களுக்கு மூன்று வருடம் வராமல் போன வாக்கு.

இதைவிடப் பெரிய கொடுமை எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிறது. அந்த அக்கா 1977 கலவரத்தில் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து பத்து வயதில் தகப்பனின் தோளில் ஏறி இங்கே வந்தவ. அவவின் அம்மம்மா கொழுந்துக் கூடையோடு போய் 1947இல் வாக்குப் போட்டவ. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், அடுத்த வருடம் தேர்தல் சட்டத் திருத்தம். தோட்டத் தமிழரின் வாக்கை வழித்துத் துடைத்தாயிற்று. எங்கள் தமிழ்த் தலைவர்களிலேயே சிலர் அரசாங்கத்தின் கதிரையில் இருந்தார்கள். அவர்களோடு இருக்கப் பொறுக்கமாட்டாமல் பிரிந்து போன செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கட்சி வந்தது, வாக்கு வரவில்லை. அக்காவின் அம்மா இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே செத்து, வாக்குச் சாவடியின் உட்புறத்தைக் காணாமலே போனவ. அக்காவுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் எல்லாம் ஒழுங்காகியது. விண்ணப்பம் எழுதினது நான்.

அம்மம்மாவுக்கு இருந்தது. அம்மாவுக்கு இல்லை. பேத்திக்குத் திரும்ப வந்திருக்கிறது. நகையென்றாலும் தாயிடமிருந்துதானே மகளுக்கு வரும்? அக்னஸ் மடக்கப்பட்டபோது மடங்காமல் கேட்டு வாங்கினது, அந்தக் கொழுந்துப் பெண்களுக்காக. இருபது வருடம் தாங்கவில்லை.

இனி என் கதை. வாக்காளர் இடாப்புத் திருத்தத்துக்கு ஜீ.எஸ். என்கிற கிராம சேவகர் பி.சி. படிவம் கொண்டுவருவார். மேலே பிரதம குடியிருப்பாளர் பெயர், கீழே வீட்டிலுள்ள மற்றவர்கள். அவர் போன பிறகும் வருடா வருடம் முதலாவது கோட்டில் அவர் பெயரைத்தான் எழுதினேன். அது பொய்யில்லை. அவர் செத்தார் என்று எனக்கு ஒருவரும் எழுதித்தரவில்லை. இருக்கிறார் என்றும் எழுதித்தரவில்லை. அந்த இடாப்பு ஒன்றில்தான் இந்த அரசாங்கம் அவரை இன்னும் உயிரோடு வைத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அச்சில் அவர் பெயரைப் பார்ப்பேன். விரலால் ஒருதரம் தடவுவேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஒரு வருடம் புதிதாக வந்த உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இவர் இஞ்ச இல்லைத்தானே அம்மா, வெட்ட வேணும்" என்றார். நல்ல மனிசன், குரலும் உயரவில்லை. சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பிறகு என்னைப் பார்த்து, "பிரதம குடியிருப்பாளர் ஆரெண்டு போடுறது? அம்மாவின்ர தம்பி ஆரும் பக்கத்தில இருக்கினமோ?"

மாமி திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தா. மகனின் பெயரை வெட்டினதை அழாமல் பார்த்த கிழவி, இந்தக் கேள்விக்கு எழும்பி நின்றா. "ஏன் தம்பி, இவள் இருக்கிறாளே, கண் தெரியேல்லையோ?"

அதை எதிர்த்து நான் எழுதின பெட்டிசம் பெரிய பெட்டிசம். அவர் பெயரைத் திருப்பிப் போடுங்கள் என்று ஒரு பந்தி. என்னைக் கேட்காமல் என் தம்பியைத் தேடினது என்ன நியாயம் என்று ஒரு பந்தி. வெள்ளிக்கிழமை கோணேசரின் காலடியில் வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போகலாம் என்று இறங்கி வந்தேன். கோயிலுக்குப் போகிற கோட்டை வாசலடியில் மான்கள் நிற்குமே, திருகோணமலையில் மானுக்குப் பயம் கிடையாது, அதில் ஒன்று வந்து உறையின் மூலையைக் கடித்து இழுத்துவிட்டது. இழுபறியில் கிழிந்தது. பார்த்தால் கையெழுத்து வைத்த மூலை. அங்கே நின்ற கச்சான்காரி சிரித்தா, நானும் சிரித்தேன். மானாவது என் பெட்டிசத்தில் வாய் வைத்ததே. அங்கேயே படியில் குந்தியிருந்து திரும்ப எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதில் வந்தது: கிடைத்தது, கவனிக்கப்படும்.

கச்சேரி வாசல் எங்களுக்குப் புதிதில்லை. 1961இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் என்று கச்சேரி வாசல்களில் பெண்கள் குந்தியிருந்தார்கள். எங்கள் அம்மாவும் ஒரு நாள் போனவ. வாசலில் குந்தியிருக்க, படம் தூக்கிக்கொண்டு வீதியில் நிற்க, தண்ணீர்ப் போத்தல் கொடுக்கப் பெண்கள் வேண்டும். வேட்பாளர் பட்டியல் எழுதும்போது அந்தக் கைகள் எங்கே போய்விடுகின்றன? உள்ளூராட்சியில் நூற்றுக்கு இருபத்தைந்து பெண்கள் என்று சட்டம் போட்டு 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் போட்டால்தான் வருகிறது. பாராளுமன்றத்துக்கு அந்தச் சட்டமும் இல்லை. கல்லுக்குக் கீழே வைத்துவிட்டுப் போன அந்த நோட்டீஸ் தேர்தலில், 2024 நவம்பரில், திருகோணமலை மாவட்டத்திலிருந்து நாலு பேர் தெரிவானார்கள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிமும் என்று மூன்று இனமும் அதில் இருந்தது. நாலு பேரும் ஆண்கள்.

இந்த வருடப் படிவம் மேசையில் கிடக்கிறது. ஜீ.எஸ். திங்கட்கிழமை எடுக்க வருவார். முதல் கோட்டில் என் பெயரை எழுதியிருக்கிறேன், குண்டு எழுத்தில். இரண்டாவதில் மாமி, மூன்றாவதில் மகள். நாலாவது கோட்டில் பேனை நின்றது. மகள் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவையும் எழுதுங்கோ அம்மா," என்றாள். "வெட்டினா, திரும்பப் பெட்டிசம் நான் எழுதுறன்."