இரும்பு உடுத்தினால்தான் பாலடினா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாலடின் என்றால் பிளேட் கவசம், பெரிய வாள், முன்வரிசை. தோல்கவசம் மாட்டிக்கொண்டு இருட்டில் பதுங்கிப் போகிற பாலடினை எழுதி வருகிறவனுக்கு விதி தெரியாது, அல்லது ரோக் என்ற திருட்டு வகுப்பை ஆட ஆசைப்பட்டுத் தாளில் வகுப்பின் பெயரை மாற்றி எழுதிவிட்டான். ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் நாங்கள் கூடும் மேசையும் இதற்கு விலக்கல்ல. காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜுக்குள் மேசை போடுவோம். தமிழர், பஞ்சாபியர், ஃபிஜி இந்தியர், சமோவாக்காரர் என்று இந்தப் புறநகரைப் போலவே கலவையான கூட்டம். புதுக் கதை ஒன்றுக்குப் பஞ்சாபிப் பையன் ஒருவன் தோல்கவசமும் ரேப்பியர் என்ற மெல்லிய வாளும் கொண்ட பாலடினை எழுதிவந்தான். "தம்பி, இது மூணாவது வாரம் செத்துடும்" என்றார் எங்கள் கூட்டத்தின் மூத்த அண்ணன். மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் அடுக்கினார்கள். ஒன்றும் புதிதல்ல, உலகமெங்கும் சொல்லப்படுகிறவைதான். அவற்றில் பாதி கணக்குப் பார்க்காமல் சொல்வது, மீதி கதை தெரியாமல் சொல்வது.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிஎம் என்பவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், இருபது முகப் பகடை நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும். பாலடின் என்பது ஒரு சபதத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரன். 1975இல் வந்த 'கிரேஹாக்' துணைநூலில் முதலில் தோன்றிய வகுப்பு அது. கீழே உள்ள எண்கள் 2014ஆம் ஆண்டு விதிநூலைச் சேர்ந்தவை. 2024இல் வந்த திருத்தம் மாறுபடும் இடத்தைத் தனியே சொல்கிறேன்.

முதல் குற்றச்சாட்டு உயிரைப் பற்றியது. தோல்கவசக்காரன் அடிவாங்கியே சாவான் என்கிறார்கள். பிளேட்டின் கவச எண், அதாவது ஏசி, 18. ஆணி பதித்த தோல்கவசத்துக்கு 12, அதோடு டெக்ஸ்டெரிட்டி (டெக்ஸ்) எனும் சுறுசுறுப்பின் கூட்டெண். நான்காம் லெவலில் டெக்ஸ் 18 ஆனால் மொத்தம் 16. பாலடின் ஆட்டம் தொடங்கும்போது கையில் கிடைக்கிற செயின் மெயிலும் அதே 16தான். எட்டாம் லெவலில் டெக்ஸ் 20 ஆனால் 17. கேடயத்தை இருவரும் பிடிக்கலாம், பதுங்குவதற்குக் கேடயம் தடையே இல்லை. ஆக, இவ்வளவு கூச்சலும் ஒரே ஒரு எண்ணுக்காக. எதிரி இருபது முறை வாளோங்கினால் ஒருமுறை கூடுதலாகப் படும், அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணுக்கு பிளேட்காரன் கொடுக்கிற விலை 1500 பொன். தோல்கவசம் 45 பொன். தொடக்கத்தில் அவனும் 16இல்தான் நிற்கிறான், அதுவும் உடல்வலுவான ஸ்ட்ரெங்த் 13 இல்லாவிட்டால் செயின் மெயிலின் பாரத்தில் பத்தடி வேகத்தை இழந்துகொண்டு.

இந்த ஒரு எண்ணைப் பேசுகிறவர்கள் ஃபயர்பால் வரும்போது வாயைத் திறப்பதில்லை. எட்டு ஆறுமுகப் பகடையளவு தீ அது. அதிலிருந்து விலகுவதற்கு உருட்டுவது டெக்ஸ்தான், எந்த இரும்பும் அங்கே உதவாது. நம்மவன் அதில் ஐந்தைக் கூட்டிக்கொள்வான். பிளேட்காரன் பெரும்பாலும் சுழியம், சில சமயம் கழித்தல் ஒன்று. சண்டையில் யார் முந்துவது என்பதையும் டெக்ஸ்தான் தீர்மானிக்கிறது. தொலைவில் நிற்கும் வில்லாளியை பிளேட்காரன் ஈட்டி எறிந்து நூற்றிருபது அடிவரை மிரட்டலாம், அதிலும் முப்பதைத் தாண்டினால் குறி கெடும். நெடுவில் நூற்றைம்பது அடிவரை குறி கெடாமல் போகும், பாலடினுக்கு அதில் பயிற்சியும் உண்டு.

ஆரம்ப லெவல்களில் மூத்த அண்ணன் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் லெவலில் செயின் மெயிலை விற்றால் பாதி விலைதான், முப்பத்தேழரைப் பொன். ஆணித் தோல்கவசத்துக்கு அது போதாது. வேறு கைப்பணம் இல்லையென்றால் சாதாரணத் தோல்கவசம் வாங்கி 14இல் நிற்க வேண்டும். செயின் மெயில்காரனைவிட இரண்டு எண் குறைவு. மூன்றாவது வாரம் சாகவும் கூடும். ஆனால் அது நான்காம் லெவல்வரை மட்டுமே இருக்கும் பலவீனம். அதை வைத்து மொத்தப் பாத்திரத்துக்கும் தீர்ப்பெழுத முடியாது.

அடுத்தது அடியின் பலம். ரேப்பியர் ஊசி, கிரேட்ஸ்வோர்ட் கோடாலி என்பார்கள். கிரேட்ஸ்வோர்டின் சராசரி 7, அதற்கான சண்டைமுறையைச் சேர்த்தால் எட்டைச் சற்றுத் தாண்டும். ரேப்பியர் நாலரை, டூயலிங் சண்டைமுறை சேர்ந்தால் ஆறரை. ரேப்பியர்காரனின் மறுகையில் கேடயமும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பாலடினின் உண்மையான அடி வாளில் இல்லை, டிவைன் ஸ்மைட்டில் இருக்கிறது. முதல் நிலை மந்திரத்தைச் செலவழித்தால் இரண்டு எட்டுமுகப் பகடை, சராசரி 9. அது எந்தக் கைவாளில் வந்தாலும் ஒன்றுதான். ஸ்ட்ரெங்த் வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

பதுங்குவது ஸ்மைட்டுக்குத் தீனி போடுகிறது என்பதை இவர்கள் யோசிப்பதே இல்லை. மறைவிலிருந்து தாக்குகிறவன் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வான். இருபது விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏறக்குறைய பத்தாகிறது. இருபது விழுந்தால் ஸ்மைட் பகடைகளும் இரட்டிக்கும். விழுந்ததைப் பார்த்த பிறகு ஸ்மைட் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம் என்பது 2014 விதியின் தாராளம். 2024இல் அந்தத் தாராளத்தில் கொஞ்சம் கை வைத்துவிட்டார்கள். ஸ்மைட் இப்போது ஒரு மந்திரம், ஒரு முறைக்கு ஒன்றுதான், வாயால் சொல்லவும் வேண்டும். "சத்தம் போட்டால் பதுங்கல் என்ன ஆவது?" என்று ஒருவர் கேட்டார். குத்திய பிறகுதானே குரல் எழுகிறது! அதற்கப்புறம் யார் கேட்டால் என்ன?

பெரிய வாள்களுக்கென்று உள்ள கிரேட் வெப்பன் மாஸ்டர் போன்ற சிறப்புத் தகுதிகள் நம்மவனுக்குக் கிடைக்காது, உண்மை. எதிரியைக் கட்டிப்பிடித்து மடக்குவதிலும் அவன் சோப்ளாங்கிதான்.

மூன்றாவதாக ஒரு தந்திரமான வாதம் வரும். பதுங்குவது கூட்டாகச் செய்கிற காரியம், பாதிப்பேர் தேறினால் குழுவே தேறியதாகக் கணக்கு, எனவே ஒருவன் இரும்புச் சத்தம் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்பது. குழுச் சோதனை விதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எதிரியைத் திடுக்கிட வைக்கும் 2014 விதி வேறு. பதுங்குகிற ஒவ்வொருவர் உருட்டலையும் எதிரியின் கவனத்தோடு தனித்தனியே ஒப்பிட வேண்டும், வருகிறவர்களில் ஒருவனைக் கண்டுகொண்டாலும் எதிரி திடுக்கிட மாட்டான். ஐந்தாம் லெவலில், ஸ்டெல்த் என்ற பதுங்கல் பயிற்சியுள்ள நம்மவன் 7ஐக் கூட்டிக்கொள்வான். கவனம் 12 உள்ள சாதாரணக் காவலாளியை அவன் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு 80. பிளேட்காரன் இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும், கூட்டவும் ஒன்றுமில்லை. அவன் வாய்ப்பு 20. ரோக், ரேஞ்சர் இருவரும் பூனையாய் நடந்து, பின்னால் ஒருவன் பாத்திரக்கடையைத் தூக்கிவந்தால் திட்டம் யாரால் கெடுகிறது? பாலடினின் பயிற்சிப் பட்டியலில் ஸ்டெல்த் இல்லையே என்பார்கள். கிரிமினல் பின்னணியோ அர்ச்சின் பின்னணியோ எடுத்தால் வந்துவிடுகிறது. இதை ஒரு வாதமாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

நான்காவது குற்றச்சாட்டில்தான் எனக்குக் கோபம் வருகிறது. புனித வீரன் மறைந்து தாக்கலாமா, அது தர்மமா என்று கேட்கிறார்கள். விதியை மட்டும் பார்த்தால் பதில் சுருக்கமானது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பின் கட்டுப்பாடான பாலடினுக்குப் பொய், ஏமாற்று, விஷம் ஆகியவை விலக்கு. பதுங்குவதைப் பெயர் சொல்லி யாரும் விலக்கவில்லை. ஐந்தாம் பதிப்பில் பழிதீர்க்கும் சபதம் எடுத்தவனுக்கு, பெருந்தீமையை ஒழிக்க எந்த வழியும் திறந்திருக்கிறது.

ஆனால் கேள்வி விதியிலிருந்து வரவில்லை, ஒரு படத்திலிருந்து வருகிறது. வெள்ளைக் குதிரை, பளபளக்கும் பிளேட், தேவாலய ஒளி. பால் ஆண்டர்சனின் நாவலை கேரி கைகாக்ஸ் படித்து, அது மேசைக்கு வந்து, மேசையிலிருந்து நம் தலைக்குள் ஏறிய படம். அதன் வேர் பேரரசர் சார்லமேனின் பன்னிரு வீரர்கள். அந்த வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சார்லமேன் இறந்தது 814இல். உச்சி முதல் உள்ளங்கால்வரை மூடும் பிளேட் கவசம் ஐரோப்பாவில் முழுமை பெற்றது 15ஆம் நூற்றாண்டில். மூல பாலடின்கள் யாரும் பிளேட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களில் தலையாய ரோலான் 778இல் பிரனீஸ் மலைக் கணவாயில், ரோன்செவோவில் செத்தான். எப்படி? சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார். பதுங்கியிருந்து பாய்ந்த பாஸ்க் மலைவாசிகளுக்கு ஆயுதங்களின் இலேசும் நிலமும் கைகொடுத்தன. பிராங்க் படையை அதன் ஆயுதங்களின் பாரமும் நிலத்தின் பாதகமும் கவிழ்த்தன. பாலடின் மரபின் முதல் பாடமே பாரம் சுமந்தவன் செத்த கதை. அதைப் படித்துவிட்டு எல்லோரும் பாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதுதான் விந்தை.

நமக்கோ பிரனீஸ்வரை போகவே தேவையில்லை. ஏறக்குறைய அதே நூற்றாண்டில் சோழநாட்டில் திருமங்கையாழ்வார் இருக்கிறார். திருக்குறையலூரில் பிறந்த நீலன், சோழனின் படைத்தலைவன், ஆடல்மா என்ற குதிரையை உடையவன், கையில் வேல். குமுதவல்லியை மணக்க, நாள்தோறும் ஆயிரத்தெட்டு வைணவர்களுக்கு ஓராண்டு அமுது படைப்பதாக வாக்குக் கொடுத்தான் என்கிறது குருபரம்பரைக் கதை. சோழனுக்குச் சேர வேண்டிய கப்பப் பணமும் தீர்ந்தபின் வழிப்பறியில் இறங்கினான். அவனோடு இருந்த நால்வரின் பெயர்களைப் பாருங்கள்: நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். ஒருவன் தண்ணீரில் நடப்பான், ஒருவன் நிழலில் மறைவான், ஒருவன் ஊதினால் பூட்டுத் திறக்கும், ஒருவனை வாதத்தில் வெல்ல முடியாது. எந்த டிஎம் இந்தப் பட்டியலைப் பார்த்தாலும் ரோக் வகுப்பின் தாள் என்றே நினைப்பார். தலைவன் வாக்குக்குக் கட்டுப்பட்டவன், அடியாருக்குச் சோறு போடவே கொள்ளையடிக்கிறான், கடைசியில் மணக்கோலத்தில் வந்த பெருமாளையே வழிமறிக்கிறான். சபதம் உண்டு, தெய்வம் உண்டு, இருட்டு உண்டு. அந்த வழிப்பறியைக் கோயில் மறைக்கவில்லை. திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி என்று வருடா வருடம் கொண்டாடுகிறார்கள். நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் களவாடி மதில் கட்டினார் என்ற கதையை நான் ரசிப்பதில்லை. பிறர் கோயிலில் கைவைப்பது எந்தச் சபதத்திலும் அடங்காது. ஆனால் மறைந்து செல்கிறவன் புனிதன் ஆக மாட்டான் என்று தமிழன் ஒருவன் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பஞ்சாபிப் பையனுக்கு இதைச் சொன்னதும் அவன் தன் ஊர்க் கதையைச் சொன்னான். 18ஆம் நூற்றாண்டில் சீக்கியக் குதிரைக் கூட்டங்கள் அடித்துவிட்டு விலகும், திரும்பி வந்து அடிக்கும். 1739இல் டெல்லியைக் கொள்ளையடித்துத் திரும்பிய நாதிர்ஷாவின் மூட்டைகளிலேயே கைவைத்தார்கள். அவனே அந்தச் சாயலில் ஒரு பாத்திரம் எழுதினால் அது செத்துப்போகும் பாத்திரம் என்று ஆக்லாந்தில் தீர்ப்பு.

கடைசியில் எல்லோரும் ஒதுங்கும் திண்ணை ஒன்று இருக்கிறது: "அப்போ ரோக்கே ஆடிட்டுப் போயேன்." ரோக்கிடம் ஆரா இல்லை. ஆறாம் லெவல் முதல் பாலடினைச் சுற்றிப் பத்தடிக்குள் நிற்கும் தோழர்கள் எல்லோரும், விஷமோ மயக்கமோ தீயோ எது வந்தாலும், தப்பிக்க உருட்டும் பகடையில் அவன் கரிஸ்மாவைக் கூட்டிக்கொள்கிறார்கள். பத்தடிதான். உளவு பார்க்க முன்னே போகும் ரோக்குக்கு எண்பதடி பின்னால் இரும்போடு நிற்கும் பாலடினின் ஆரா எதற்குப் பயன்படும்? கூடவே பதுங்கிப் போகிற பாலடின்தான் அந்தப் பாதுகாப்பை எதிரியின் வாசல்வரை எடுத்துச்செல்கிறான். முன்னே போனவன் சுருண்டு விழுந்தால் கைவைத்துக் குணமாக்கவும் அவனே பக்கத்தில் இருப்பான்.

மறுப்பவர்கள் கையில் உறுதியான சீட்டு ஒன்று இருக்கிறது, அதை ஏனோ யாரும் போடுவதில்லை. பாலடினாகத் தொடங்கி ரோக் லெவல்களைச் சேர்க்க விரும்பினால் விதி ஸ்ட்ரெங்த் 13 கேட்கிறது, கரிஸ்மா 13உம் கேட்கிறது. டெக்ஸ் பாலடின் வழக்கமாக ஸ்ட்ரெங்தை 8இல் விட்டுவிடுவான், கதவு மூடிக்கொள்ளும். இருபத்தேழு புள்ளிகளை வைத்து டெக்ஸ் 15, கரிஸ்மா 15, ஸ்ட்ரெங்த் 13, கான்ஸ்டிட்யூஷன் 12 என்று பிரித்தால் கணக்குச் சரியாகத் தீர்கிறது, புத்தியும் விஸ்டமும் எட்டிலேயே கிடக்கும். உயிர்ப்புள்ளி மெலிந்த, கொஞ்சம் மந்தமான வீரன் கிடைப்பான். அதைத் தாங்க முடியாதவர்கள் ரோக் லெவலை மறந்து, ஸ்ட்ரெங்தை எட்டிலேயே விட்டு, கான்ஸ்டிட்யூஷனை 14 ஆக்கிக்கொண்டு பாலடினாகவே போகலாம். பையன் அதைத்தான் செய்திருக்கிறான். இப்போது ஐந்தாம் லெவலில் இருக்கிறான், ஆரா கிடைக்க இன்னும் ஒரு லெவல்.