அவசரப் படமும் அம்மையின் முகமும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்விழாவுக்கு இவ்வாண்டும் சென்றிருந்தேன். ஐந்து தேர்களும் வீதிக்கு வந்து, வடம்பிடிக்கும் வேளையில், கூப்பிய கைகளைவிட உயர்த்திய கைகளே மிகுதியாகத் தெரிந்தன. உயர்த்திய ஒவ்வொரு கையிலும் ஒரு கைத்தொலைபேசி. என்னருகில் நின்ற இலக்கிய நண்பர் ஒருவர், "சாமியைக் கும்பிட வந்தார்களா, சாமியைப் படம்பிடிக்க வந்தார்களா?" என்று சலித்துக்கொண்டார். அச்சலிப்பில் நியாயமே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், வீடு திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் அவருக்கு மறுமொழி கூறிக்கொண்டே வந்தேன். அந்த மறுமொழியைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். எழுதி வருகையில் என் வழக்கு நண்பரை விட்டு, தொலைபேசி செய்வோர்மீது திரும்பிவிட்டது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அவசரத்தில் எடுத்த படத்தை இகழ்ந்து பேசுவது கற்றோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஒளியறிந்து, கோணமறிந்து, காத்திருந்து எடுப்பதே கலை என்பர். லயனல் வென்ட் பிறந்த நாட்டில் அதனை மறுக்க யார் துணிவார்? ஆனால், கலையென்ற நினைவே இன்றி, கண்முன் நின்ற கணத்தைக் கைவிட மனமில்லாமல் எடுக்கும் படத்துக்கும் ஓர் உரிமை உண்டு. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலே பிறந்தவன் நான். ஆதலால் அவ்வுரிமையைச் சற்று அழுத்தியே பேசுவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த எங்கள் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடுகளூடே நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். அவர்களுள் ஒருவருடைய முகமேனும் எங்கள் வீடுகளில் இல்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கிருந்த காலத்தில் ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம்பிடித்தார். கண்ணாடித் தகட்டில் ஒளி பதியும்வரை அசையாது நின்ற அந்த மனிதரிற் பலருடைய பெயரை இன்று எவரும் அறியார். 1888இல் கொடாக் நிறுவனம், பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்குவோர் வேலை என்று விளம்பரம் செய்து கைக்கமராவை விற்றது. 1900இல் ஒரு டொலருக்குப் பிரவுனி வந்தது. மேல்நாட்டிலே பிள்ளைகளும் படம்பிடித்தார்கள். அந்த ஒரு டொலர் எங்கள் லயங்களை எட்டிப் பார்க்கவில்லை.

எங்களைக் கமராவின் முன் நிறுத்தியது அரசாங்கம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். நான் அறிந்த குடும்பங்கள் பலவற்றில் முதன்முதல் எடுத்த படம் இத்தகையதே. எங்கள் வீட்டுப் படமும் அப்படித்தான். அப்பா, அம்மா, நான், தம்பி ஆகிய நால்வரும் மாத்தளை நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில், இரவல் சட்டைகளுடன், மூச்சையடக்கி நிற்கிறோம். நால்வர் கண்களிலும் ஒரே அச்சம். அம்மாவின் இளமைக்கு இதைவிட வேறு சாட்சியில்லை. அவள் சிரித்திருப்பாள், பாடியிருப்பாள், கொழுந்துக்கூடையுடன் மலையேறி நின்றிருப்பாள். அவற்றையெல்லாம் படம்பிடிக்க அன்று யாரிடம் என்ன இருந்தது?

அப்பெண்ணின் கொள்ளுப்பேர்த்தி இன்று சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை உருவி, ஒரு நொடியில், யாரையும் நிற்கச் சொல்லாமற் படமெடுக்கிறாள். இதை இகழ எனக்கு நாவெழவில்லை.

இன்னொன்றும் நண்பருக்குச் சொல்லவேண்டும். நம் மாவட்டத்திலேயே சீகிரியா இருக்கிறது. அங்குள்ள கண்ணாடிச் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள், ஓவியப் பெண்களைக் கண்ட வியப்பில் கீறிவிட்டுப் போன பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான வாசித்து 1956இல் வெளியிட்டார். அவற்றை எழுதியோர் அனைவரும் கவிஞரல்லர். வந்தேன், கண்டேன், இன்னார் நான் என்பதற்குமேல் அதிகம் சொல்லாதவரும் அவர்களுள் உளர். இன்று அவை நமக்குப் பொக்கிஷம். சிங்கள மொழியின் வரலாற்றை ஆராய்வோருக்கு அருமருந்து. அன்று அருகில் நின்ற பெரியவர் எவரேனும், "ஓவியத்தைப் பார்க்காமற் சுவரைக் கீறுகிறார்களே!" என்று சலித்துக்கொண்டிருக்கவுங் கூடும். (இன்று அச்சுவரிற் கீறுவதும் அவ்வோவியங்களைப் படம்பிடிப்பதும் தடை. அத்தடை முறையானதே, எஞ்சியிருப்பதைக் காக்கத்தானே வேண்டும்?)

நிற்க. இதுவரை கூறியது நண்பருக்கு. இனிக் கூறுவது வேறு.

அவசரப் படத்துக்கு உரிமையுண்டென்றால், அது உள்ளதை உள்ளபடி காட்டவேண்டிய கடமையும் அதற்கு உண்டு. இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று. விரல் திரையைத் தொடுமுன்னரே கமரா வேலையைத் தொடங்கிவிடுகிறது. திறந்த கணம் முதலாக அது காட்சிகளைப் பதிந்து பதிந்து நினைவிற் கொண்டு, பழையவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. விரல் பட்டதும், அதற்குச் சற்று முன்னும் பின்னும் பதிந்த பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒரே படமாக்கித் தருகிறது. விரைவின் இரகசியம் அதுவே. வில்லையோ மிகச் சிறியது. அதன் பின்னிருந்து ஒளியை ஏற்கும் தகடு விரல்நகத்தின் அளவினது. ஆகையால், பலவற்றை ஒட்டினாலன்றிப் போதிய ஒளி கிடையாது. வெயிலில் இந்த வித்தை நன்றாகவே பலிக்கிறது. தேர்முட்டியில் நண்பகலில் எடுத்த படங்களிற் குறைகாண முடியவில்லை.

ஆனால் எங்கள் வாழ்க்கை வெயிலில் மட்டுமா நடக்கிறது? லயத்து அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு கதவு, ஒரு சிறு யன்னல், புகைபடிந்த சுவர், மஞ்சள் விளக்கொன்று. அங்கே கமரா கண்ணை நெடுநேரம் திறந்திருக்க நேர்கிறது. அதற்குள் ஓடி வரும் குழந்தை புகையாகிவிடுகிறது. இருட்டிலே மணல் தூவினாற்போலத் தோன்றும் புள்ளிகளைத் துடைக்கப் புகும் கருவி, அவற்றோடு சேலையின் இழையையும் நரையின் மயிரையும் துடைத்துவிடுகிறது. கடைக்காரர் இவற்றைச் சொல்லமாட்டார். அவர் மெகாபிக்சற் கணக்கைச் சொல்வார். 108 மெகாபிக்சற் கமரா எனப்படுவது, ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கிச் சாதாரணமாக 12 மெகாபிக்சற் படத்தையே தருகிறது என்பதை அறியாமல், பல மாதம் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தை அந்த இலக்கத்துக்காகக் கொட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இவைகூடப் பொறுக்கத்தக்க குறைகளே. பொறுக்கமுடியாத ஒன்றைச் சென்ற தீபாவளி மாலையிற் கண்டேன்.

எண்பது கடந்த என் அம்மா, தம்பி குடும்பத்துடன் இன்னும் அதே லயத்திலேதான் இருக்கிறாள். அடுப்படியிற் குந்தியிருந்து பலகாரத் தாச்சியைக் கிளறிக்கொண்டிருந்தவளை என் பேர்த்தி சட்டென்று படமெடுத்தாள். எடுத்த வேகத்திலேயே கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா தொலைபேசியைக் கைநீட்டித் தூரத்திற் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாரு பாப்பா?"

"நீங்கதான் பாட்டி!"

"நானா? ஆத்தா போட்ட முத்தையெல்லாம் அழிச்சிட்டியே!"

எனக்குச் சுருக்கென்றது. சிறுவயதில் அம்மை கண்டு பிழைத்தவள் அம்மா. அவள் கன்னங்களில் அந்த வடுக்கள் இன்றும் உள்ளன. அவை மாரியாத்தாள் இட்ட முத்துக்கள் என்பது அவளுடைய நம்பிக்கை. தன்னை உயிரோடு விட்டுச் சென்றதற்கு ஆத்தாள் வைத்த அடையாளம். ஆண்டுதோறும் மாசிமகத்துக்கு அவள் நடந்தே போன காரணமும் அதுவே. படத்தில் இருந்த கிழவியின் கன்னம் மெழுகினாற்போல் இருந்தது. நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. வேறெவருடைய தாயோ எங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பேர்த்தி எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. முகத்தை மழமழப்பாக்கி வெளுக்கச் செய்யும் அழகூட்டல் ஏற்பாடு, தொலைபேசி கடையிலிருந்து வந்த நாள்தொட்டே முடுக்கியபடி இருந்திருக்கிறது. அதை அணைக்க ஒரு பொத்தான் உண்டென்பர். உண்டு, தேடி அணைத்தும் விட்டோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். அவசரமாகப் படமெடுப்பவன் அமைப்புகளைத் திறந்து பார்ப்பவனா? நிதானமாக எடுப்பவனுக்குத் தெரிவுகள் பலவுண்டு. அவசரக்காரனுக்குச் செய்தவன் வைத்ததே கமரா. ஆகவே, தொடக்கத்தில் எது வைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே கோடிக்கணக்கான வீடுகளின் நினைவாகிவிடுகிறது. கருமை குறையென்றும், வடு அழுக்கென்றும், சுருக்கம் பிழையென்றும் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் முடிவுசெய்கிறார். அந்த முடிவு எங்கள் அடுப்படிவரை வந்து, எங்கள் தாயின் முகத்தைத் திருத்துகிறது.

இது புதிய நோயன்று. வண்ணப் படச்சுருள் ஆண்ட காலத்தில், கொடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக அனுப்பியது. ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருத்த முகங்கள் நிழலில் மூழ்கின. 2021ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனம், கருநிறத்தாரை அவர்தம் நிறத்திலேயே காட்டுவதற்கென 'ரியல் ரோன்' என்ற ஏற்பாட்டைத் தன் பிக்சல் தொலைபேசியிற் கொணர்ந்தது. நல்லது. வரவேற்கிறேன். ஆனால், நம்மவர் வாங்கக்கூடிய விலையில் உள்ள தொலைபேசிகளில் அல்லவா அந்த நாணயம் முதலிற் தேவை?

"பழைய ஸ்ரூடியோக்காரர் மட்டும் திருத்தவில்லையா?" என்று கேட்பார் உளர். திருத்தினார்கள். எதிர்ப்படத் தகட்டின்மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தடவி வடுக்களை மறைப்பது அத்தொழிலின் ஒரு பகுதியே. என் கலியாணப் படத்திற் கூட அந்தப் பென்சில் விளையாடியிருக்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அந்தக் கிழவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பருவை எடுத்துவிடவா, தம்பி?" என்று கேட்டார். நானும் தலையசைத்தேன். தொலைபேசி என் தாயை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே, தொலைபேசி வாங்கப் புறப்படும் மாணவருக்கு நான் சொல்வது இதுதான். கடையின் வெளிச்சமான முகப்பில் வைத்துப் பூச்சாடியைப் படமெடுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருண்ட மூலைக்குப் போங்கள். உங்களுடன் வந்த தம்பியையோ தங்கையையோ கையசைக்கச் சொல்லி, ஒரே தொடுகையில் எடுங்கள். கை கலங்கினாலும் முகம் நின்றதா, அம்முகம் அவனுடைய நிறத்தில் இருக்கிறதா, அவனுடைய தழும்பு அங்கே உண்டா என்று பாருங்கள். மற்றக் கணக்கெல்லாம் பிறகு. (எடுக்குமுன் வில்லையை வேட்டித் தலைப்பால் ஒருமுறை துடைப்பதும் நன்று, பாதிப் படங்கள் மங்குவது நம் விரலின் எண்ணெயால்.) செய்வோரிடம் நாம் கேட்கவேண்டியதும் பெரிய காரியமன்று. அழகூட்டல் வேண்டுவோர் தேடி முடுக்கிக்கொள்ளட்டும். தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கட்டும்.

அன்று மாலை பேர்த்தி இரண்டாவது படமொன்றும் எடுத்தாள். கரண்டி பிடித்த கை கலங்கிப் புகையோடு புகையாகிவிட்டது. சுவர் முழுதும் புள்ளிகள். முகம் மட்டும் நின்றது, முத்துக்களோடு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதப் பெருசாக்கி மாட்டுப்பா" என்றாள்.

அடுத்த நாள் மாத்தளை நகரத்தில் ஒரு படக்கடைக்குப் போனேன். இளைஞர் ஒருவர் படத்தைக் கணினித் திரையிற் பெரிதாக்கிப் பார்த்தார். "முகத்தக் கொஞ்சம் கிளீன் பண்ணவா, சேர்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். இப்போது அது லயத்தில், அந்த நால்வர் படத்துக்குப் பக்கத்தில், அடுப்புப் புகை எட்டாத சுவரிலே தொங்குகிறது.