சீட்டுக்குக் கவுன்சிலிங் இருக்கு, மனசுக்கு?

"கவுன்சிலிங்" என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? என்ஜினீயரிங் சீட்! "கவுன்சிலர்" என்றால்? வார்டு கவுன்சிலர்!

கல்லூரி மாணவன் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் என்ற அர்த்தம் நம் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

காலை 8 மணிக்கு நீடாமங்கலம் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். மன்னார்குடிக்கு ஒரு கூட்டம். தஞ்சாவூருக்கு ஒரு கூட்டம். திருவாரூருக்கு, கும்பகோணத்துக்கு என்று இன்னும் சில. தோளில் பை, கையில் பாஸ். சிரித்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். ரயில்வே கேட் மூடினால் பஸ்சுக்குள்ளேயே அரட்டை.

ஆனால் ஜன்னல் ஓரம் பேசாமல் உட்கார்ந்து வருகிறானே, ஒருவன்? அவனை யார் கவனிக்கிறார்கள்?

அவன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன்தான். முதல் பருவத்திலேயே 3 அரியர். "குறுவை கையைக் கடிச்ச வருஷத்துல, அரியர்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று விழுங்கிக்கொள்கிறான். இது ஒருவன் கதை அல்ல. பஸ்சுக்கு ஒருவன் இருப்பான்.

கும்பகோணத்தில் நடந்தது

இது புது வியாதியும் அல்ல. 1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் ஒரு மாணவர் உதவித் தொகையுடன் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கினார். மற்ற பாடங்கள் கைவிட்டுப் போயின. ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித் தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் ரயில் ஏறி, விசாகப்பட்டினம் போய்விட்டார். அப்போது வயது 17.

அவர்தான் கணித மேதை ராமானுஜன்!

அவர் திரும்பி வந்தார். உலகம் தப்பித்தது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வருகிறார்களா?

2022-ல் மட்டும் நாடு முழுவதும் 13 ஆயிரத்து 44 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். இது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு.

கோர்ட்டு சொன்னது

2023-ல் அதே விசாகப்பட்டினத்தில், விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவி இறந்துபோனார். அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலை 25-ந் தேதி தீர்ப்புக் கூறியது.

100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்களில், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த நிலையங்கள் வெளியே உள்ள மனநல நிபுணரோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு 2 முறை பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். தனிச் சட்டம் வரும் வரை இதுவே சட்டம்.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் நமக்குத் தெரியாதா நம் வழக்கம்? அறிவிப்புப் பலகையில் ஒரு பேராசிரியர் பெயரை எழுதி, "ஆலோசனைக் குழு" என்று போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது!

வாத்தியார் நல்லவராகவே இருக்கட்டும். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் போய், "சார், உங்க பாடத்தைக் கண்டாலே பயமா இருக்கு" என்று எந்தப் பையன் சொல்வான்? வீட்டுத் தொல்லையை எந்தப் பெண் சொல்வாள்? நாளைக்கே ஸ்டாப் ரூமில் பேச்சாகிவிடுமே!

ஆகவே மார்க் போடுகிறவர் வேறு, மனசைக் கேட்கிறவர் வேறு என்று இருக்க வேண்டும். சொன்னது வெளியே போகக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று, நேரம். நம் பிள்ளைகள் பஸ்சை நம்பி இருப்பவர்கள். "மாலை 5 மணிக்கு மேல் ஆலோசகரைப் பார்க்கலாம்" என்றால், ஊருக்குப் போகும் பஸ்சை விட்டுவிட்டு யார் நிற்பார்கள்? மதிய இடைவேளையில் அறை திறந்திருக்க வேண்டும்.

பைத்தியமா?

"அவனுக்கு என்ன குறை? மூணு வேளை சோறு, கையில போன்! இதுக்கு வைத்தியம் வேறயா?" என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. அய்யா, காலில் முள் தைத்தால் எடுத்துவிடுகிறோம். காலை வெட்டும் வரையா காத்திருக்கிறோம்? ஆலோசகரிடம் போவது முள் எடுக்கிற வேலை. போகிறவன் பைத்தியம் அல்ல, புத்திசாலி.

வைத்தியமே தேவைப்பட்டாலும் தூரம் போக வேண்டாம். திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் மனம் தவித்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசுவார்கள். கடைக்காரர்களே, கல்லாப் பெட்டிக்கு மேல் அந்த 5 எண்களை எழுதி ஒட்டுங்களேன்! என்ன செலவு?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பீஸ் கட்டப் போகும்போது, ரசீதை வாங்கியதும் திரும்பிவிடாதீர்கள். கவுன்ட்டரில் நின்று கேளுங்கள்:

"ஆலோசகர் அறை எங்கே இருக்கு? எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

பத்துப் பேர் கேட்டால், பூட்டிய அறையும் திறக்கும்.